ஆவடிக் கோபுரமும் ஒரு கிதாரும்

சென்னை வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவது கடற்கரைச் சாலைக் கட்டிடம். ஆனால் அங்கே பாடப்பட்டது காற்றில் ஏறியது நகரத்துக்கு மேற்கே, ஆவடியில் நின்ற ஒலிபரப்புக் கோபுரங்களிலிருந்து. 1955 காங்கிரஸ் மாநாட்டுக்குப் பிறகு டாங்கித் தொழிற்சாலையும், பக்கத்து அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்தன, தொழிலாளர் பெருகினர், டீக்கடைகள் பெருகின. அந்தக் கடைகளில், அரசாங்கக் கோபுரங்களின் காலடியிலேயே, ஒலித்தது பெரும்பாலும் இலங்கை வானொலி. இதை வெறும் வேடிக்கையாகக் கொள்ள முடியவில்லை. தமிழில் ஒரு கிதார்க் குழுவுக்கு ஏன் வாரிசு இல்லாமல் போயிற்று என்ற கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

எது சங்கீதம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தன்னிடம் இருப்பதாக அகில இந்திய வானொலி வெகுகாலம் நம்பியது. 1940இல் ஹார்மோனியத்தை விலக்கியது. அந்தத் தடை தளர 1971 ஆயிற்று. 1952இல் அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டின் நேரத்தைக் குறைத்தார். பாட்டோடு படத்தின் பெயர் சொல்வதும் விளம்பரம் என்று நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் உரிமையைத் திரும்பப் பெற்றார்கள். கேட்டவர்கள் கர்நாடக சங்கீதத்துக்கு மாறினார்களா? முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்காக ஏற்பட்ட நேச நாட்டுப் படைகளின் ஒலிபரப்பு வசதிகளை வாரிசாகப் பெற்றிருந்த அந்தச் சிறிய தீவுக்கு, நம் ஊர்க் கூரைகள் எட்டாத தூரமில்லை. 1957இல் விவித பாரதி பிறந்தது இந்தத் தோல்வியின் ஒப்புதல்.

ஆனால் அரசு பணிந்தது யாரிடம் என்று பார்க்க வேண்டும். சினிமாவிடம். அதன்பின் நம் வானொலியில் பெரிய பெட்டிகள் இரண்டு: சாஸ்திரீயம், சினிமா. மெல்லிசைக்கும் நாட்டுப்பாடலுக்கும் ஓரத்தில் கொஞ்சம் இடம். தானே பாட்டெழுதி, தானே மெட்டமைத்து, நாலு பேரோடு கிதாரும் தாளக் கருவியுமாகப் பாடுகிறவனை எந்தப் பெட்டியில் போடுவது?

இலங்கையில் அவனுக்குப் பெட்டி இருந்தது. பெயர் பொப்பிசை. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும், ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் அதில் வந்தவை. பைலாவின் துள்ளல் தாளம், யாழ்ப்பாணத்து வாய்ப்பேச்சு, கிண்டல். இவற்றை மகத்தான கலை என்று சொல்ல நான் தயாரில்லை. பல பாடல்கள் ஒரு சிரிப்போடு முடிந்துவிடுபவை. ஆனால் ஒன்றை அவை நிரூபித்தன: வீட்டில் பேசும் தமிழ், படக் காட்சியின் துணையில்லாமல், கிதாரின் மேல் இயல்பாக உட்காரும். இது சிறிய விஷயமல்ல. மயில்வாகனன் காலத்திலிருந்து அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா வரை குரலாலேயே ஊர் ஊராக நேயர்களைச் சம்பாதித்த வானொலி அது. அதன் காற்று பொப்பிசைக்கும் கிடைத்தது.

இங்கிலாந்தின் கதையும் ஏறக்குறைய இதே காலத்தியது. பி.பி.சி. இளைஞர் இசைக்கு நேரம் தராததால், 1964இல் ரேடியோ கரோலின் கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பியது. 1967இல் சட்டம் கப்பல்களைக் குறிவைத்தது; அதே ஆண்டு செப்டம்பரில் பி.பி.சி. ரேடியோ ஒன்றைத் தொடங்கி, கப்பல் அறிவிப்பாளர்கள் பலரையும் சேர்த்துக்கொண்டது. நமக்குக் கப்பல் இலங்கைத் தீவு. அங்கே அரசு இறங்கிவந்தது குழுக்களின் இசைத்தட்டுகளுக்கு. இங்கே படத் தயாரிப்பாளர்களுக்கு. வானொலி மட்டும் காரணமல்ல. சினிமாவுக்கு வெளியே இங்கே இசைத்தட்டுச் சந்தை மிகச் சிறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விளைவு என்ன? ‘சுராங்கனி’கூட 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தின் வழியாகத்தான் இங்கே பலருக்குச் சொந்தமாயிற்று. மனோகரன் சென்னைக்கு வந்தார். சினிமா அவருக்குக் கொடுத்தது வில்லன் வேஷங்களை. 2018இல் இந்த நகரத்திலேயே மறைந்தார். எண்பதுகளில் ரூட்ஸ் குழுவில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு ஏ. ஆர். ரஹ்மான் வாசித்தார்; நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவும் அவருடையது. 1992இல் ‘ரோஜா’ வந்தது. அந்த இளைஞர்களின் விரல்கள் வாசித்ததைத் தமிழ்நாடே கேட்டது. அவர்கள் குழுவாக வாசித்ததை அநேகமாக யாரும் கேட்கவில்லை. ஒரு குழுவின் மரபு இப்படித்தான் அழிகிறது: ஆட்கள் பிழைக்கிறார்கள், குழு ஒரு வாழ்க்கைக் குறிப்பின் வரியாகிறது.

இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலையில் சென்னையில்தான் தொடங்கியது. பின்னர் தனியார் நிலையங்கள் வந்தன. அலைவரிசைகள் பெருகின, பெட்டி ஒன்றாகச் சுருங்கியது, சினிமா.

2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராப்பையும் மின்கிதாரையும் ஒன்றாக நிறுத்தி, சாதியைப் பற்றிப் பாடியது. அது வானொலியின் தயவுக்குக் காத்திருக்கவில்லை. இணையம் அதை உலகெங்கும் கொண்டுபோயிற்று. அப்படியானால் வானொலி இனி எதற்கு என்று கேட்கலாம். இணையத்தில் பெரும்பாலும் தேடுகிறவனுக்குத்தான் பாட்டு கிடைக்கிறது. அல்லது அவன் ஏற்கெனவே கேட்டதைப் போன்றதே மறுபடி வருகிறது. டீக்கடை வானொலி தேடாதவன் காதிலும் விழுந்தது. ஷிஃப்டு முடிந்து வந்தவன், தான் கேட்க நினைத்திராத ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வீடு போனான். அவன் பிள்ளை அதை முணுமுணுத்தது. மரபு என்பது அந்த முணுமுணுப்புத்தான். அதைத் தர ஆவடியில் கோபுரம் இருந்தது. தர வேண்டும் என்ற எண்ணம் இல்லை.