நார்த்தாமலையும் நாலு வார்த்தைச் சட்டமும்

புது டெக்னாலஜி வந்தா அரசாங்கம் பத்து வருஷம் கழிச்சுத்தான் முழிக்கும்னு நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்க அடிக்கடி சொல்றதுண்டு. எப்பவுமே அப்படியில்லை மக்களே. நார்த்தாமலையைப் பாருங்க.

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போற பக்கம் இருக்கிற இந்தக் குன்றுல 9-ஆம் நூற்றாண்டு விஜயாலய சோழீச்சரம் நிக்குது. எதிரே பாறையைக் குடைஞ்ச பழியிலி ஈச்சரம், பக்கத்துல 12 ஆளுயர விஷ்ணு சிற்பங்களோட இன்னொரு குடைவரை. சோழீச்சரம் மழையில சேதமாகி, மல்லன் விடுமன் என்பவர் சரிசெஞ்சதா கல்வெட்டே சொல்லுது. மழை கெடுத்ததைக் கட்டிடலாம். வெடி அதிர்ச்சியில குடைவரை விரிசல் விட்டா? அங்கே ரோல்பேக் கிடையாது.

1958-ஆம் வருஷத் தொல்சின்னங்கள் சட்டத்தோட 19-ஆம் பிரிவு, பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள்ள அனுமதியில்லாம சுரங்கம், குவாரி, தோண்டுறது, வெடி வைக்கிறது கூடாதுங்குது. அதோட நிறுத்தாம, 'இது போன்ற எந்த வேலையும்' கூடாதுன்னு முடிக்குது. அந்த நாலு வார்த்தைதான் விஷயம். நாளைக்கு எந்த மெஷின் வந்தாலும் அதுக்குள்ள அடங்கிடும்!

சரி, எல்லைக்கு வெளியே? அதிர்வுக்கு வேலி தெரியாதே. எல்லாச் சின்னத்துக்கும் பொதுவா 100 மீட்டர் தடை, அதுக்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடுன்னு அறிவிப்பு வந்தது 1992 ஜூன்லதான். 2010-ல அது சட்டத்துக்குள்ளேயே ஏறிச்சு. ஆனா உளி அடிச்சாலும் 100 மீட்டர், பெரிய வெடி வெச்சாலும் அதே 100 மீட்டர்.

இன்னும் புத்திசாலித்தனமான விதி, சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தோட 1997 சுற்றறிக்கை. வெடி வெச்சா நிலம் என்ன வேகத்துல அதிருதுன்னு அது அளக்கச் சொல்லுது. தாழ்ந்த அதிர்வெண்ணுல (8 ஹெர்ட்ஸுக்குக் கீழே) சாதாரண வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர் வரை போகலாம், வரலாற்றுச் சின்னத்துக்கு 2-தான். எந்தக் கருவின்னு கேக்கல, என்ன பண்ணுதுன்னு கேக்குது. குவாரியை நம்பிச் சோறு திங்கிறவங்களுக்கும் எங்கே நிறுத்தணும்னு ஒரு கணக்கு கிடைக்குது.

2020-ல தமிழ்நாடு அரசு செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. அதுக்கும் இதே அளவுகோல்தான். மென்பொருளோட பேரையும் வெர்ஷனையும் வெச்சு விதி எழுதினா அடுத்த ரிலீஸ்லயே செத்துடும். ஒருத்தரோட ரேஷன், வேலை, கடன் இதையெல்லாம் அது என்ன பண்ணுதுன்னு அளந்து எழுதினா நிக்கும்.

ஆனா அளக்கிற ஆள் வெடிக்கு முன்னாடியே அங்கே இருக்கணும். இல்லேன்னா எந்த நாலு வார்த்தையும் வெறும் காகிதம்தான். என்ன சொல்றீங்க?