ப்ரொஃபைலுக்கு லாக் போட்டாச்சு... ஸ்கிரிப்ட்டுக்கு?

'அக்கவுன்ட்டை பிரைவேட் பண்ணிட்டேன், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் போட்டாச்சு. இனிமே யார் என்ன பண்ணிட முடியும்?' என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? அப்படியென்றால் மைஸ்பேஸ் கதை உங்களுக்குத்தான்.

2005-ல் அமெரிக்க இளசுகள் குடியிருந்த சோஷியல் மீடியா அது. ப்ரொஃபைலை நாமே ஹெச்.டி.எம்.எல் எழுதி கலர்கலராக அலங்கரிக்கலாம். அந்தச் சாக்கில் யாரும் ஸ்கிரிப்ட், அதாவது பார்க்கிறவரின் பிரவுசரில் தானாக ஓடும் குட்டி புரோகிராம், ஒளித்து வைத்துவிடக் கூடாதே என்று மைஸ்பேஸ் ஒரு ஃபில்டர் போட்டிருந்தது. 'ஜாவாஸ்கிரிப்ட்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே தூக்கிவிடும்.

19 வயது சாமி கம்கார் அந்த வார்த்தையை 'ஜாவா' என்று ஒரு வரியிலும், 'ஸ்கிரிப்ட்' என்று அடுத்த வரியிலும் உடைத்து எழுதினார். இன்னும் சில தில்லாலங்கடிகளும் உண்டு. ஆனால், இதுதான் ஹைலைட். ஃபில்டருக்கு அது இரண்டு வார்த்தை. அன்றைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கோ ஒரே வார்த்தை!

விளைவு? அவர் ப்ரொஃபைலை சும்மா எட்டிப் பார்த்தாலே போதும். உங்கள் பெயரில் அவருக்கு ஃப்ரெண்ட் ரெக்வெஸ்ட் போகும், உங்கள் பக்கத்தில் 'சாமிதான் என் ஹீரோ' என்று ஏறிவிடும், கூடவே அந்த ஸ்கிரிப்ட்டும் ஒட்டிக்கொள்ளும். அடுத்து உங்களைப் பார்க்க வருபவருக்கும் அதே கதி. 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் பேருக்கு மேல்! மைஸ்பேஸையே கொஞ்ச நேரம் இழுத்து மூட வேண்டியதாயிற்று. கேஸ் நடந்து, 2007-ல் சாமிக்கு மூன்று வருடம் புரொபேஷன். 2010 செப்டம்பரில் ட்விட்டரிலும் இதே தலைவலி. ட்வீட் மேல் மவுஸ் நகர்ந்தாலே ஸ்கிரிப்ட் ஓடியது.

கவனிச்சீங்களா, இங்கே யாருடைய பாஸ்வேர்டும் திருடப்படவில்லை. நீங்கள் லாக்-இன் செய்த பிறகு, உங்கள் பிரவுசருக்குள்ளேயே நடக்கிற வேலை இது. வாசலில் எத்தனை பூட்டு போட்டு என்ன, ஆள் ஏற்கெனவே ஹாலில் உட்கார்ந்திருக்கிறாரே! 'பிரைவேட்' என்பது உங்கள் போஸ்ட்டை யார் பார்க்கலாம் என்பதற்கான செட்டிங். இன்காக்னிட்டோ, போனில் ஹிஸ்டரி தங்காமல் பார்த்துக்கொள்ளும். இரண்டுமே ஸ்கிரிப்ட்டைத் தடுக்காது.

ஆண்ட்ராய்டு குரோமில் 'சைட் செட்டிங்ஸ்' போய் ஜாவாஸ்கிரிப்ட்டை நிறுத்தலாம்தான். ஆனால், பாதி சைட் படுத்துவிடும். ப்ரொஃபைலில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட்டைத் தடுக்க வேண்டியது அந்த சைட்காரர்களின் வேலை. நம் கையில் இருப்பது, பிரவுசர் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது, வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்வது. நீங்கள் போடாத போஸ்ட் உங்கள் பெயரில் வந்தால், பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாதீங்க. எல்லா டிவைஸிலிருந்தும் லாக்-அவுட் செய்து, ப்ரொஃபைலில் புதிதாக என்ன ஒட்டியிருக்கிறது என்றும் பார்த்து அழித்துவிடுங்கள்.