சோறு சாப்பிட்டு இளைத்தவர்கள்: ஓர் உப்பில்லாப் பத்தியத்தின் வரலாறு



உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் உப்பில்லாத சோறு நமக்குப் புதிதல்ல. கும்பகோணம் பக்கம் திருநாகேசுவரத்தில் உப்பிலியப்பனுக்கு இன்றும் உப்புச் சேர்க்காமல்தான் நைவேத்தியம் செய்கிறார்கள். சித்த வைத்தியர் கடும் பத்தியம் என்று சொன்னால், முதலில் நிறுத்தச் சொல்வது உப்பையும் புளியையும்தான்.

இப்போது "உப்பைக் குறைத்தால் உடம்பு இளைக்கும்" என்ற செய்தி நம் கைபேசிகளுக்கு அடிக்கடி வருகிறது. இதில் எது உண்மை, எது பாதி உண்மை என்று தெரிய வேண்டுமானால், எண்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு கதையை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சோறே அதில் மருந்து என்பதால், சோறு உண்ணும் நமக்கு அது கூடுதல் சுவாரசியம் தரும்.

வால்டர் கெம்ப்னர் 1903இல் பெர்லினில் பிறந்தவர். தாய், தந்தை இருவருமே நுண்ணுயிரியல் அறிஞர்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் யூதக் குடும்பத்தினரான அவர்களுக்கு ஜெர்மனியில் இடமில்லாமல் போனது. கெம்ப்னர் 1934இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டர்ஹாம் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நம் ராஜபாளையத்துக்குப் பஞ்சாலை எப்படியோ, அந்த ஊருக்குப் புகையிலை ஆலை அப்படி.

அந்தக் காலத்தில் கடுமையான இரத்த அழுத்தத்துக்குச் சரியான மருந்து கிடையாது. அமெரிக்க அதிபர் ரூசவெல்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1944இல் அவரைப் பரிசோதித்த இதய மருத்துவர், உப்பையும் எடையையும் குறைக்கச் சொன்னார். அதற்கு மேல் செய்ய அவரிடம் அதிகம் இல்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் இரத்தம் கசிந்து ரூசவெல்ட் இறந்தார். உப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஆம்பார், போஜார் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் 1904லேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அது பரவலாக நடைமுறைக்கு வரவில்லை.

கெம்ப்னர் 1939 வாக்கில் தம் சிகிச்சையைத் தொடங்கினார். வெறும் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை, கூடவே வைட்டமின் மாத்திரை, அவ்வளவுதான் உணவு. நாளொன்றுக்குச் சுமார் 2,000 கலோரி, 20 கிராம் புரதம், 5 கிராமுக்கும் குறைந்த கொழுப்பு. சோடியம் வெறும் 150 மில்லிகிராம். உப்பாகக் கணக்கிட்டால் அரை கிராமுக்கும் குறைவு. நோயாளி ஒளித்துவைத்து உப்புத் தின்கிறாரா என்று சிறுநீரைச் சோதித்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இத்தனைக்கும் கெம்ப்னரின் முதல் குறி உப்பு அல்ல. புரதத்தைக் குறைத்தால் பழுதடைந்த சிறுநீரகத்துக்கு வேலை குறையும் என்பதே அவர் எண்ணம். முதலில் இதைச் சில நாட்களுக்கே கொடுத்துவந்தார். 1942இல் சிறுநீரக நோயுள்ள 33 வயதுப் பெண் ஒருவரிடம், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அவருடைய ஜெர்மானிய உச்சரிப்பு சரியாகப் புரியாமல் அந்தப் பெண் இரண்டு மாதம் கழித்து வந்தார் என்று சொல்வார்கள். இரண்டு மாதமும் சோறும் பழமும்தான். இரத்த அழுத்தம் இறங்கி, பெருத்திருந்த இதயம் சுருங்கி, கண்ணின் பின்புறக் கசிவுகளும் மறைந்திருந்தன.

கெம்ப்னர் 1948இல் 500 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, பத்தியம் இல்லாத வேறொரு குழுவை அவர் வைத்துக்கொள்ளவில்லை என்ற குறை அன்றே எழுந்தது. பிறகு ஆராய்ந்தவர்கள், இரத்த அழுத்தம் குறைந்ததற்கு முக்கியக் காரணம் சோடியம் குறைந்ததே என்று கண்டார்கள்.

1958இல் சிறுநீரைப் பெருக்கி உப்பை வெளியேற்றும் தயாசைடு மாத்திரை சந்தைக்கு வந்தது. இன்று நம்மில் பலர் "நீர் மாத்திரை" என்று விழுங்குவது அந்த வகையைச் சேர்ந்ததுதான். மாத்திரை இருக்கும்போது வெறும் சோற்றை யார் உண்பார்கள்? இரத்த அழுத்தத்துக்காக வருவோர் குறைந்தார்கள், எடை குறைப்பதற்காக வருவோர் பெருகினார்கள். டர்ஹாம் நகரம் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பேர்போன ஊராயிற்று.

1975இல் வந்த கெம்ப்னரின் கட்டுரைதான் இன்றுவரை வியப்போடு பேசப்படுகிறது. 106 பேர், ஒவ்வொருவரும் குறைந்தது 45 கிலோ இளைத்தவர்கள். சராசரியாக ஏறத்தாழ 64 கிலோ. அவர்களில் 43 பேர் இயல்பான எடைக்கே வந்துவிட்டார்கள்.

இங்கே நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த 106 பேரும் 45 கிலோவுக்கு மேல் இளைத்தார்கள் என்பதற்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. தேர்வில் முதல் வகுப்பு வாங்கியவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பள்ளியின் பெருமையைப் பேசுவது போன்றது அது. மேலும், உப்பைக் குறைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. கலோரியை வெகுவாகக் குறைத்தார்கள், தினமும் உடற்பயிற்சி செய்தார்கள், அன்றாடம் மருத்துவக் கண்காணிப்பில் இருந்தார்கள். அந்தக் கண்காணிப்பு எல்லை மீறியதும் உண்டு. பத்தியம் முறித்த நோயாளிகளைப் பிரம்பால் அடித்ததாகக் கெம்ப்னரே பிற்காலத்தில் ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டார். அவர் 1997இல் மறைந்தார். அவர் தொடங்கிய நிலையமும் 2013இல் மூடப்பட்டது.

அப்படியானால் உப்பு செய்த வேலை என்ன? மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. நம் உடம்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில்தான் உப்பையும் நீரையும் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. உப்பைச் சட்டென்று குறைத்தால் உடம்பு மிச்ச நீரை வெளியே விடும், முதல் வாரத்திலேயே எடைமுள் ஒன்றிரண்டு கிலோ இறங்கிவிடும். அது நீர், கொழுப்பல்ல. மறுபடி உப்பைச் சேர்த்தால் சில நாளில் திரும்பி வந்துவிடும். கொழுப்பு கரைய, உண்பது செலவைவிடக் குறைய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் உப்புப் போடுவதில்லை. அதற்காக அது எடை குறைக்கும் பண்டம் என்று நாம் யாரும் சொல்ல மாட்டோம் அல்லவா?

ஆனால் உப்பைக் குறைப்பது வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. அது எடைக்கான மருந்து அல்ல, இரத்த அழுத்தத்துக்கான மருந்து. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்றின்படி நாம் உண்பது சராசரியாக 8 கிராம். கெம்ப்னரின் நோயாளிகள் உண்ட அதே சோறுதான் நம் தட்டிலும் இருக்கிறது. அந்த அரிசியில் சோடியம் மிகச் சொற்பம். அதன் பக்கத்தில் நாம் வைக்கும் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மாலையில் கொறிக்கும் சாத்தூர் சேவு ஆகியவைதான் கணக்கை ஏற்றுகின்றன. குறைப்பதானால் அங்கிருந்து தொடங்குங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்கள் தாமாகவே உப்பை அடியோடு நிறுத்த வேண்டாம். நம் ஊர்க் கோடையில் வியர்வையோடும் உப்பு போகிறது. இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறி இறங்கினால் தள்ளாட்டம், வாந்தி, மனக்குழப்பம், வலிப்பு வரைக்கும் போகலாம். வீட்டுப் பெரியவர் திடீரென்று ஆள் தெரியாமல் பேசினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்து, கடையில் விற்கும் "சோடியம் குறைந்த உப்பு". சீனக் கிராமங்கள் 600இல் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இத்தகைய உப்பு பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுவோருக்கும் அது இதயத்துடிப்பையே பாதிக்கும். மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

சுந்தரபாண்டியத்தில் இருந்துகொண்டு இரத்த அழுத்தம் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. 2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள், மாத்திரையும் தருகிறார்கள். அடுத்த முறை அவர்கள் வரும்போது, "நான் எவ்வளவு உப்புச் சேர்க்கலாம்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கைபேசியில் வரும் அறிவுரையைவிட, உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லும் பதில்தான் உங்களுக்குப் பொருந்தும்.