பையைப் பிடிச்சுக்கிட்டு கீழே நின்னவர்

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஒரே ஆணி. இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. போன வருஷம் அப்பா அம்மா இங்கே வந்திருந்தப்போ எழுத ஆரம்பிச்சு பாதியில விட்டது ஒண்ணு டிராஃப்ட்ல தூங்கிட்டிருந்தது. தூசி தட்டிப் போடறேன் மக்களே.

ஜூன் மாசத்துல ஒரு சனிக்கிழமை. நியூயார்க் சப்வேயில உக்காந்து உக்காந்து இடுப்பு ஒடிஞ்ச பிறகு கடைசி ஸ்டேஷன், கோனி ஐலண்ட். வெளியே வந்தா கடற்கரை, ராட்டினம், ஹாட் டாக் வாசனை. அப்பா எல்லாத்தையும் அண்ணாந்து பார்த்துட்டு, "இதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம்டா. நீயும் அம்மாவும் போய்ட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்"னார். அப்பாவுக்கு அறுபத்திரெண்டு வயசு.

பல்லைக் கடிச்சேன். ஏன்னா முந்தின நாள் ராத்திரி முழுக்க இந்த ஊர் வரலாற்றைத்தான் படிச்சிட்டிருந்தேன். அதுல ஒண்ணு தெளிவா இருந்தது. இந்த இடத்தைச் சின்னப் பசங்களுக்குன்னு யாருமே கட்டலை!

1884-ல லமார்கஸ் தாம்சன்னு ஒருத்தர் இங்கே ஒரு ரயில் விட்டார். மேட்டிலேர்ந்து தானாவே உருண்டு இறங்கும், வேகம் மணிக்கு 6 மைல், டிக்கெட் 5 சென்ட். நம்ம ஊர் சைக்கிளே அதைவிட வேகமாப் போகும். ஆனா அதுல ஏற வளர்ந்த ஆம்பளைங்களும் பொம்பளைங்களும் வரிசையில நின்னாங்க. அமெரிக்க ரோலர் கோஸ்டர் தொழில் அங்கேர்ந்துதான் சூடு பிடிச்சது.

அடுத்தவர்தான் என் ஹீரோ, ஜார்ஜ் டில்யூ. 1893-ல சிகாகோ கண்காட்சிக்குப் போய் ஃபெரிஸ் கட்டின முதல் ராட்சச ராட்டினத்தைப் பார்த்தார். 264 அடி உயரம், 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். ஒரே சுத்துல 2,160 பேர்! டில்யூ அதையே விலைக்குக் கேட்டார், படியலை. மனுஷன் அசரலை. சின்னதா ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டு, அது வர்றதுக்கு முன்னாடியே 'உலகத்திலேயே பெரிய ராட்டினம் இங்கே வரப்போகுது'ன்னு போர்டு வெச்சுட்டார். (எங்க சேல்ஸ் டீம்காரங்க இவர் பரம்பரையாத்தான் இருக்கணும்.)

1897-ல இடத்தைச் சுத்தி வேலி போட்டு ஸ்டீப்பிள்சேஸ் பார்க்கைத் திறந்தார். பேருக்கேத்த மாதிரி குதிரைப் பந்தயம்தான் ஸ்பெஷல். மரக்குதிரைங்க இரும்புத் தண்டவாளத்துல மேலயும் கீழயும் பாய்ஞ்சு ஓடும். ஒரு குதிரையில ரெண்டு பேர் உக்காரலாம். அந்தக் காலத்துல கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் பொது இடத்துல கை கோத்து நடந்தாலே ஊர் பேசும். இங்கே விழுந்துடாம இருக்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. டில்யூ வித்தது குதிரைச் சவாரியை இல்லைங்க, அந்தச் சாக்கை. வாரம் ஆறு நாள் ஃபேக்டரியிலயும் தையல் பட்டறையிலயும் முதுகு ஒடிஞ்சவங்க ஞாயித்துக்கிழமை இங்கே வந்து விழுந்து புரண்டு சிரிச்சாங்க.

1907-ல பார்க் தீப்பிடிச்சு எரிஞ்சது. மறுநாளே வாசல்ல போர்டு: இதைவிடப் பெருசாக் கட்டப்போறோம், எரியற இடத்தைப் பார்க்க 10 சென்ட். சொன்ன மாதிரியே கட்டினார். அது 1964 வரைக்கும் ஓடிச்சு. அப்புறம் இடத்தை வாங்கின ஃப்ரெட் டிரம்ப் (ஆமா, அவரோட அப்பாதான்) 1966-ல கட்டடத்தை இடிக்கறதுக்கே பார்ட்டி வெச்சு, வந்தவங்களை விட்டுக் கண்ணாடி முகப்புல கல்லெறியச் சொன்னார். படிக்கும்போதே பத்திக்கிட்டு வந்தது.

பக்கத்துல 1903-ல லூனா பார்க், 2,50,000 மின்விளக்கு. வீட்டுல கரண்ட் இல்லாத ஜனங்க அதைப் பார்த்து எப்படி வாயைப் பொளந்திருப்பாங்க! அதே வருஷம் ஜனவரியில, பார்க் திறக்கறதுக்கு முன்னாடியே, டாப்ஸிங்கற யானையை மின்சாரம் பாய்ச்சிக் கொன்னதும் அங்கேதான். அதை எடிசன் கம்பெனி படமும் பிடிச்சது. எனக்குப் பார்க்க மனசு வரலை.

எதிர்பார்க்காத விஷயம் ஒண்ணு. லூனா பார்க்ல மார்ட்டின் கூனின்னு ஒருத்தர் 'காட்சி' வெச்சிருந்தார். குறைமாசத்துல பிறந்த குழந்தைங்களை இன்குபேட்டர்ல வெச்சு, பார்க்க வர்றவங்ககிட்ட 25 சென்ட் வாங்கினார். கேக்கவே அருவருப்பா இருக்குல்ல? எனக்கும் இருந்தது. ஆனா அப்போ பெரும்பாலான ஆஸ்பத்திரிகள்ல இன்குபேட்டரே கிடையாது. பிழைக்காதுன்னு கைவிட்ட குழந்தைங்க இவர்கிட்ட வந்தாங்க. பெத்தவங்ககிட்ட காலணா வாங்கலை. நர்ஸ் சம்பளம், பால், எல்லாம் அந்த டிக்கெட் காசுலதான். 1943 வரைக்கும் நடத்தினார். மத்த ஊர்க் கண்காட்சிகளையும் சேர்த்து சுமார் 6,500 குழந்தைங்களைக் காப்பாத்தினதா கணக்கு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தன்னை அறியாமலே வைத்தியச் செலவைக் கட்டியிருக்கு.

டிஸ்னி இதுக்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தவர். பொண்ணுங்களை ராட்டினத்துல ஏத்திட்டு பெஞ்சுல சும்மா உக்காந்து போரடிச்சப்போதான், பெத்தவங்களும் பசங்களும் சேர்ந்து விளையாட ஒரு இடம் வேணும்னு தோணுச்சுன்னு அவரே சொல்லியிருக்கார். 1955 ஜூலை 17-ல டிஸ்னிலேண்ட் திறந்தாங்க. கள்ள டிக்கெட் கூட்டம், வெயில்ல இளகின தார்ல செருப்பு மாட்டிக்கிச்சு, குடிக்கத் தண்ணி சரியா இல்லை. இருந்தும் ரெண்டு மாசத்துக்குள்ள பத்து லட்சம் பேர் வந்துட்டாங்க.

பெஞ்சுல உக்காந்த அப்பாக்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க போல. சரி, நம்ம அப்பா மேட்டருக்கு வருவோம்.

கோனி ஐலண்ட்ல 1920-லேர்ந்து சுத்தற ராட்டினம் ஒண்ணு இருக்கு, வொண்டர் வீல். 150 அடி, 24 பெட்டி. டேனோஸ் வூர்டெரிஸ்னு ஒரு கிரேக்கர், ஹாட் டாக் வித்துட்டிருந்தவர், 1948-ல தன் காதலி லூலாகிட்ட 'என்னைக் கட்டிக்கிட்டா இந்த ராட்டினத்தையே வாங்கித் தர்றேன்'ன்னார். 1983-ல நிஜமாவே வாங்கினார். 35 வருஷம்! இன்னிக்கும் அந்தக் குடும்பம்தான் நடத்துது. அம்மாவுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "ஏங்க, ராட்டினம் வாங்கித் தர வேணாம். கூட ஏறினாப் போதும்"னாங்க.

அப்பா டிக்கெட் போர்டைப் பார்த்தார். உதடு அசைஞ்சது. ரூபாய்க்கு மாத்தறார்னு தெரிஞ்சுது. "டிக்கெட் ஏற்கெனவே வாங்கிட்டேன்பா, மூணு. திருப்பித் தர மாட்டாங்க"ன்னு ஒரு பொய் விட்டேன். வேற வழியில்லாம வந்தார்.

24 பெட்டியில 8 சும்மா இருக்கும், மிச்சம் 16 தண்டவாளத்துல முன்னயும் பின்னயும் வழுக்கும். நாங்க ஏறினது பதினாறுல ஒண்ணு. மேலே போனதும் பெட்டி சர்ர்ருன்னு கடல் பக்கமாப் பாய்ஞ்சது. அம்மா முருகா முருகான்னு அலறினாங்க. அப்பா சிரிச்சார். சத்தமா, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"தீவுத்திடல்ல நீங்க ஏறவே மாட்டீங்களேப்பா, பயம்னுதான் நினைச்சிட்டிருந்தேன்"னேன். வருஷா வருஷம் பொருட்காட்சியில நான், அக்கா, அம்மா மூணு பேரும் மேலே. அப்பா கீழே, எங்க செருப்பையும் பையையும் பிடிச்சுக்கிட்டு.

"பயமா? நாலாவது டிக்கெட்டுக்குக் காசு போட்டா உங்களுக்கு டெல்லி அப்பளம் யார் வாங்கறது?"ன்னு கடலைப் பார்த்துக்கிட்டே சொன்னார்.

எனக்கு அந்த அப்பளம் நல்லா ஞாபகம் இருக்கு. முகத்தைவிடப் பெருசு, மிளகாய்ப்பொடி தூவினது.

கீழே இறங்கினதும் அப்பா எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார். "அது என்னடா?" அது சைக்ளோன். 1927-ல கட்டினது, மரத் தண்டவாளம், 85 அடிச் சரிவு, மணிக்கு 60 மைல் வேகம்.

அம்மா ஒண்ணும் பேசாம கையை நீட்டிப் பையை வாங்கிக்கிட்டாங்க.