ஹாஸ்ய நடிகை ஸ்ரீமதி டி. ஏ. மதுரம்



குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நம்மவர், ஒழுகினசேரியிலுள்ள மதுரபவனம் என்னும் மாளிகையை அறிவர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தம் மனைவியாரின் பெயரால் அமைத்த இல்லம் அது. கலைவாணரின் புகழை நாஞ்சில் நாட்டார் யாவரும் பேசுவர். அவ்வம்மையாரின் சரித்திரத்தை அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனை ஈண்டு சுருக்கமாக வரைகின்றோம்.

திருவரங்கத்தில் 1918-ம் ஆண்டு பிறந்த மதுரம் அம்மையார், 1935-ல் வெளிவந்த இரத்னாவளி என்னும் படத்தின் வாயிலாகத் திரையுலகம் புகுந்தார். நடிப்புத் தொழிலில் இறங்கிய ஸ்திரீகளை உலகம் இழிவாக நோக்கிய காலம் அது. வசந்தசேனா என்னும் படத்திற்காகப் புனா சென்றபோது கலைவாணரைச் சந்தித்தார். 1936-ல் இருவரும் மணம் புரிந்தனர்.

அதுமுதல் இருவரும் இணைபிரியாது நடித்தனர். மூலக்கதையோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனியே ஒரு ஹாஸ்யக் கிளைக்கதையைத் தாமே அமைத்து, அதனைப் படத்தில் சேர்ப்பது இவர்கள் கையாண்ட முறை. அம்பிகாபதி, சகுந்தலை, கண்ணகி, ஹரிதாஸ் முதலிய படங்களில் இவர்களைக் காணவே ஜனங்கள் திரண்டனர். கலைவாணர் வினவ, அம்மையார் மடக்குவார். அவர் பாட, இவர் எதிர்ப்பாட்டுப் பாடுவார். எதிரில் நிற்பவர் தக்க சமயத்தில் தக்க விடை கூறாவிடில் ஹாஸ்யம் சோபிக்குமோ? பாதிப் பெருமை அம்மையாருக்கே உரியதென்பதில் ஐயமில்லை.

நிற்க. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் 1944 டிசம்பரில் கலைவாணர் கைதானார். மறு ஆண்டு அவருக்கும் தியாகராஜ பாகவதருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பலர் ஒதுங்கிய அக்காலத்தில் அம்மையார் கலங்கி அமர்ந்தாரல்லர். எஸ். வி. சகஸ்ரநாமம் அவர்களின் துணையோடு நாடக சபையை நடத்தி, அதனை நம்பியிருந்த குடும்பங்களைக் காத்தார். வழக்குச் செலவுக்கும் பொருள் தேடினார். சீமையிலுள்ள பிரிவி கவுன்சில்வரை மேல்முறையீடு சென்றது. அம்மன்றம் வழக்கை மறுபடி விசாரிக்குமாறு பணிக்க, 1947 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டார் இருவரையும் விடுவித்தனர். அம்மையார் பெருமுயற்சியால் உருவான பைத்தியக்காரன் என்னும் படமும் அவ்வாண்டே வெளியாயிற்று. அதில் அம்மையார் இரட்டை வேடம் பூண்டார்.

அதன்பின் நல்லதம்பி, மணமகள் முதலிய படங்களில் இருவரும் மீண்டும் சேர்ந்து நடித்தனர். கலைவாணர் 1957 ஆகஸ்டு 30-ல் மறைந்தார். அம்மையார் 1974-ல் காலமானார்.

சகோதரிகளே! பிறரைச் சிரிக்கவைத்த இம்மாது, தமக்கு அழுகை நேர்ந்தபோது ஒரு சபையையே தோளில் தாங்கி நின்றார். நம் பெண்மக்கள் எத்தொழிலை மேற்கொள்ளினும் அதனை இழிவென எண்ணாது, அவர்தம் திறமையையும் திண்மையையுமே நாம் போற்றுவோமாக. இனி மதுரபவனத்தைக் கடக்குங்கால், இருவரையும் ஒருங்கே நினைவோம்.