இசைத்தொடர் ஆக்கும் மென்பொருள்களும் தமிழிசையின் நிரல் மரபும்: அறச்சலூர்க் கல்வெட்டை முன்வைத்து

முன்னுரை

சில சுரங்களைக் கொடுத்தால் அவற்றைத் தற்செயல் வரிசையில் மாற்றி அடுக்கி, புதுப்புது இசைத்தொடர்களாக ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மேலையிசையில் ஒருசேர ஒலிக்க வேண்டிய சுரக்கட்டினைப் பிரித்து ஒன்றன்பின் ஒன்றாக ஒலிப்பதை ஆர்பெஜியோ என்பர். அத்தகைய தொடர்களைத் தாமே ஆக்கித் தருவது இம்மென்பொருள்களின் முதன்மைப் பணியாகும். இவை கணினிக் காலத்தின் புதுமை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. எனினும், விதிவழி ஒலித்தொடர் ஆக்கும் சிந்தனைக்குக் கொங்கு நாட்டுப் பாறையிலேயே பழஞ்சான்று உள்ளது. அச்சான்று தொடங்கி இன்றைய மென்பொருள் வரையிலான வளர்ச்சியையும், மென்பொருளின் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அறச்சலூர்க் கல்வெட்டு

சத்தியமங்கலத்தைத் தழுவிச் செல்லும் பவானி ஆறு காவிரியில் கலக்கிறது. அக்கூடலுக்குத் தெற்கே, ஈரோட்டிலிருந்து காங்கேயம் செல்லும் சாலையில் அறச்சலூர் அமைந்துள்ளது. அங்குள்ள நாகமலைக் குகைத்தளத்தில் புலவர் செ. இராசு கண்டறிந்து வெளிப்படுத்திய தமிழி எழுத்துக் கல்வெட்டு, இசைக் கல்வெட்டு எனப் பெயர்பெற்றது. அதன் காலத்தை கி.பி. 2ஆம் நூற்றாண்டு முதல் 4ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறு கணிப்பர். வரிக்கு ஐந்து அசைகள் என ஐந்து வரிகளில் 'த', 'தை', 'தா' போன்ற தாள அசைகள் கட்டமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்துகளைப் புணர்த்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்றும் அங்குக் குறிக்கப்பட்டுள்ளது. வண்ணக்கன் என்பது நாணயம், மணி ஆகியவற்றின் தரம் ஆய்வோனைக் குறிக்கும் சொல்.

இக்கட்டத்தை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும், மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாலும் அதே தொடரே கிடைக்கும். இப்பண்பின் கணிதப் பொருள் கருதத்தக்கது. இடவலச் சமச்சீரும் மேல்கீழ்ச் சமச்சீரும் சேர்ந்து, 25 இடங்களுள் 9 இடங்களையே ஆக்குவோனின் விருப்பத்திற்கு விடுகின்றன. வரியும் நிரலும் ஒத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவ்வொன்பதையும் ஆறாகக் குறைக்கிறது. ஆறு அசைகளைத் தேர்ந்துவிட்டால் ஏனைய 19 அசைகளும் விதியால் தாமே அமைந்துவிடும். சிறிய உள்ளீட்டிலிருந்து விதிவழியே முழுத் தொடரையும் பெறுவதே இன்றைய நிரலின் அடிப்படையும் ஆகும். இதனால் தேவன் சாத்தனைக் கணினியியலின் முன்னோடி எனல் மிகையாகும். அவனது நோக்கம் ஆடலுக்கோ தாளத்திற்கோ உரிய அமைப்பைக் கல்லில் நிலைநிறுத்துவதாக இருந்திருக்கலாம். ஆயினும் 'புணர்த்தல்' என்னும் சொல், ஒலிகளை விதிப்படி சேர்ப்பது தனியொரு செயலாக உணரப்பட்டதைக் காட்டுகிறது.

பிரஸ்தாரமும் எண்ணும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள 7ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, ஏழு இராகங்களுக்குரிய சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்துத் தருகிறது. இத்தகைய தொகுப்பு முறையைக் கணிதமாக விரித்தவர், 13ஆம் நூற்றாண்டில் தேவகிரியில் வாழ்ந்த சார்ங்கதேவர். ஏழு சுரங்களும் ஒவ்வொரு முறை வருமாறு அடுக்கினால் 5,040 தொடர்கள் பிறக்கும் என அவரது சங்கீத ரத்னாகரம் கணக்கிடுகிறது. ஒரு சுரத்திற்கு ஒரு நொடி எனக் கொண்டாலும், இவையனைத்தையும் ஒலிக்க ஒன்பதே முக்கால் மணி நேரத்திற்கு மேலாகும்.

எண்ணிக்கையைவிட முதன்மையானது அவர் தந்த கண்டமேரு என்னும் அட்டவணை. வரிசை எண்ணைக் கொண்டு தொடரைக் காண்பது நஷ்டம்; தொடரைக் கொண்டு வரிசை எண்ணைக் காண்பது உத்திஷ்டம். ச, ரி, க என்னும் மூன்று சுரங்களை அவரது முறைப்படி அடுக்கினால் சரிக, ரிசக, சகரி, கசரி, ரிகச, கரிச என ஆறு தொடர்கள் கிடைக்கும். நான்காம் தொடரை அறிய அனைத்தையும் எழுத வேண்டியதில்லை. முதலிரண்டு தொடர்கள் காந்தாரத்திலும், அடுத்த இரண்டு ரிஷபத்திலும், கடைசி இரண்டு சட்ஜத்திலும் முடிவதால், நான்காவது ரிஷபத்தில் முடிந்தாக வேண்டும். அவ்விரண்டனுள் பின்னது 'கசரி'. இன்றைய மென்பொருள் ஒன்று 1 முதல் 5,040 வரையில் ஓர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்து அதற்குரிய சுரத்தொடரைத் தர வேண்டுமாயின், அதற்கு வேண்டிய கணக்கு இந்த நஷ்டமே. 1356இல் நாராயண பண்டிதர் இயற்றிய கணித கௌமுதி இத்துறையை மேலும் விரிவாக்கியது.

தற்செயலின் வருகை

இந்திய மரபு அனைத்து வாய்ப்புகளையும் ஒழுங்காகப் பட்டியலிட்டது; அவற்றுள் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கும் முறை அதன் நோக்கமன்று. தற்செயலை ஆக்கக் கருவியாக்கியது ஐரோப்பாவின் பகடை விளையாட்டு. 1757இல் கிர்ன்பெர்கர், பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை வெளியிட்டார். 1957இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக் கொண்டு நால்வர் நரம்பிசை ஒன்றை உருவாக்கினர். கணினி தற்செயல் எண்களால் சுரங்களைத் தந்தது. இசை விதிக்கு மாறானவை நீக்கப்பட்டன. 1981இல் வந்த ரோலண்ட் ஜூபிடர்-8 இசைக்கருவியில், அழுத்திய சுரங்களை ஏறுமுகமாகவும் இறங்குமுகமாகவும் மட்டுமின்றித் தற்செயல் வரிசையிலும் ஒலிக்கும் வசதி இருந்தது. தமிழகத்தில் 1986இல் வெளியான 'புன்னகை மன்னன்' திரைப்படத்தில் இளையராஜா கணினிவழித் தொடரிசையைக் கையாண்டார். அங்குக் கணினி தொடரைப் படைக்கவில்லை. இசையமைப்பாளர் வகுத்ததைப் பிழையின்றி ஒலித்தது.

இராகமும் மென்பொருளின் எல்லையும்

மோகனத்தின் ஐந்து சுரங்களை மென்பொருளுக்குக் கொடுத்தால் 120 வரிசைகள் கிடைக்கும். அவை யாவும் மோகனமாக ஒலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஆரோகண அவரோகணங்கள் ஒன்றே. எனினும் நடையாலும் கமகத்தாலும் நீண்டொலிக்கும் சுரங்களாலும் அவை வேறுபடுகின்றன. ஆரோகண அவரோகணத்தை மட்டுமே விதியாகக் கொண்ட மென்பொருளால் இவ்விரண்டையும் பிரித்தறிய இயலாது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' மென்பொருள், சுரக்குறிப்பைக் கமகத்துடன் ஒலிக்க முயன்றது இக்குறையை உணர்ந்ததன் விளைவே.

ஆயினும் எந்திரகதியான கணக்கு இசைக்குப் பயனற்றது எனக் கூறலாகாது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி சதுர்தண்டிப் பிரகாசிகையில் 72 மேளங்களைக் கணக்கிட்டபோது, அவற்றுள் 19 மட்டுமே வழக்கில் இருந்தன என அவரே குறிப்பிட்டார். எஞ்சியவை வெறும் வாய்ப்புகள். பிற்காலத்தில் கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றி அவ்வெற்றிடங்களை இசையாக்கினார். கணக்கு இடத்தைக் காட்டியது. அதனை இசையாக்கியது பாடுவோனின் செவியே.

முடிவுரை

அறச்சலூர்க் கட்டம் விதியையும், சார்ங்கதேவரின் கண்டமேரு எண்ணையும், பகடையும் கணினியும் தற்செயலையும் இசைத்தொடர் ஆக்கத்திற்கு அளித்தன. இன்றைய மென்பொருளில் இம்மூன்றும் ஒருங்கே செயல்படுகின்றன. அதில் இன்னும் முழுமையாகச் சேராதது இராக இலக்கணமே. ஆரபியையும் தேவகாந்தாரியையும் வேறுபடுத்தி ஆக்கவல்ல நிரலே இத்துறையில் அடுத்த சோதனையாக அமையத்தக்கது. அதற்குப் பொறியியல் அறிவுடன் ஓதுவார், நாகசுரக் கலைஞர் ஆகியோரின் செவியறிவும் தேவை. சத்தியமங்கலம் முதல் கோவை வரை பரவியுள்ள பொறியியல் கல்லூரிகளும், கொங்குக் கோயில்களில் தொடரும் இசை மரபும் இப்பணியில் இணைவதற்கு வாய்ப்பு மிகுதி. மணியின் தரம் அறியும் குடிப்பெயர் கொண்ட ஒருவன் அசைகளைப் புணர்த்த நாட்டில், ஆக்கிய தொடரின் தரத்தை ஆய்வதும் ஆக்கத்தின் பகுதியே என்பது புதிய கருத்தன்று.