அலிபாக் செல்வோர் காண வேண்டிய கடற்கோட்டைகள்

புனே: புனேயிலிருந்து அலிபாக் கடற்கரைக்குச் செல்வோர், அங்குள்ள கோட்டைகளைக் காணக் கடல்நீர் வற்றும் நேரத்தை முன்கூட்டியே அறிந்துகொள்வது அவசியம்.

கொலாபா: நீர் வற்றும்போது இக்கோட்டைக்கு நடந்தே செல்லலாம், நீர் ஏறுமுன் கரை திரும்பிவிட வேண்டும். மராத்தியக் கடற்படைத் தளபதி கனோஜி ஆங்கரேயின் நினைவிடம் அலிபாக் நகரில் உள்ளது.

காந்தேரி: ஆங்கிலேயர், ஜஞ்சிரா சித்திகளின் எதிர்ப்பை மீறி 1679-இல் சத்ரபதி சிவாஜி அரண் எழுப்பிய தீவு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற 12 மராத்தியக் கோட்டைகளில் இதுவும் ஒன்று. தமிழகத்தின் செஞ்சிக் கோட்டையும் அவற்றில் அடங்கும்.

முருட்-ஜஞ்சிரா: மராத்தியர் பலமுறை முயன்றும் கைப்பற்ற இயலாத தீவுக் கோட்டை. ராஜ்புரியிலிருந்து படகில் செல்லலாம்; மழைக்காலத்தில் படகுகள் இயங்குவதில்லை.

அருங்காட்சியகம்: புனே திரும்பியதும், பழங்கால விளக்குகள், பாக்குவெட்டிகள், இசைக்கருவிகள் நிறைந்த ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தைக் காணலாம்.